துண்டு போட்டவருக்கா, உட்கார வேண்டியவருக்கா?

2024 அக்டோபர்ல உங்க வாட்ஸ்அப் குரூப்புக்கும் அந்த ஸ்கிரீன்ஷாட் வந்திருக்கும். டெல்லியைச் சேர்ந்த ஒரு ஆப் டெவலப்பர், ஜியோஹாட்ஸ்டார் டாட் காம் என்ற பெயரை 2023-லேயே பதிவு செய்து வைத்திருந்தார். ஐ.பி.எல். ஸ்ட்ரீமிங் உரிமை கைவிட்டுப் போன பிறகு ஹாட்ஸ்டார் தடுமாறுது, யாராவது வாங்குவாங்க, வாங்குற அளவுக்குக் காசு ரிலையன்ஸ்கிட்டதான் இருக்கு என்பது அவர் கணக்கு. சாவன், ஜியோ கைக்குப் போனதும் ஜியோசாவன் ஆச்சே, அதே மாதிரி இதுவும் ஆகும் என்று யூகித்தார். யூகம் பலித்தது. இணைப்பு நெருங்கியபோது அந்த முகவரியில் ஒரு கடிதத்தைப் போட்டார். பெயரைத் தர்றேன், பதிலுக்கு நான் கேம்பிரிட்ஜில் படிக்க ஆகும் செலவைக் கொடுங்க. சுமார் ஒரு கோடி ரூபாய்.

ரிலையன்ஸ் தரப்பு ஒத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நாளில் அந்தப் பெயர் துபாயில் இருக்கும் ஒரு அண்ணன் தங்கை கைக்குப் போனது. ரெண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். "காசே வேண்டாம், சும்மாவே எடுத்துக்கோங்க" என்று ரிலையன்ஸுக்குச் சொன்னார்கள். செய்தி அத்தோடு அடங்கியது.

ஆனால் நம்ம ஹாஸ்டல் மெஸ்ஸில் விவாதம் அடங்கவில்லை. "மூளையைப் பயன்படுத்தினான், காசு கேட்டான், இதுல என்னடா தப்பு?" என்று ஒரு கோஷ்டி. "அடுத்தவன் பேரைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு பேரம் பேசுறதுக்குப் பேர் வேற" என்று இன்னொரு கோஷ்டி. நான் வக்கீல் இல்லை, கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு. ஆனாலும் எனக்கு ஒரு பதில் இருக்கு. பெயரை யார் முதலில் எடுத்தார் என்று மட்டும் பார்த்தால் இந்த வழக்கு தீராது. எதற்காக எடுத்தார் என்று பார்க்கணும். அதே கேள்வியைப் பெரிய கம்பெனிகள்கிட்டயும் கேட்கணும். இப்போதைக்கு அது சின்னவர்கள்கிட்ட மட்டும்தான் கேட்கப்படுது.

வாங்கினேன்னு சொல்றீங்களே, நிஜமாவே வாங்கினீங்களா?

டொமைன் "வாங்கினேன்" என்று சொல்கிறோம். உண்மையில் வாடகைக்குத்தான் எடுக்கிறோம். டாட் காம் பட்டியலை வெரிசைன் என்ற நிறுவனம் பராமரிக்கிறது. அதற்கு மேலே விதிகளை வகுப்பது 1998-ல் உருவான ஐகான் அமைப்பு. நமக்கும் அவர்களுக்கும் நடுவில் ரிஜிஸ்ட்ரார் என்று ஒரு கடைக்காரர். ஒரு தடவைக்கு அதிகபட்சம் 10 ஆண்டுதான் பதிவு செய்ய முடியும். புதுப்பிக்கவில்லை என்றால் போச்சு.

அப்படியானால் அது சொத்தா, வெறும் சேவை ஒப்பந்தமா? அமெரிக்காவிலேயே ரெண்டு நீதிமன்றங்கள் ரெண்டு விதமாகச் சொல்லியிருக்கின்றன. 2000-ல் வர்ஜீனியா மாநில உச்ச நீதிமன்றம், டொமைன் என்பது சேவை ஒப்பந்தத்தில் கிடைக்கிற ஒன்று, கடனுக்காக அதை ஜப்தி செய்ய முடியாது என்றது. 2003-ல் ஒன்பதாவது சர்க்யூட் நீதிமன்றம் நேர் எதிராக, அது சொத்துதான் என்றது. அந்த இரண்டாவது வழக்கின் டொமைன் பெயரை நான் இங்கே எழுதினால் நம்ம ஆசிரியர் குழு கத்தரியை எடுத்துடும், அதனால் விட்டுடறேன். ஒரு போலிக் கடிதத்தை நம்பி ரிஜிஸ்ட்ரார் ஒருத்தர் பெயரை இன்னொருத்தருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். பறிகொடுத்தவர் வருஷக்கணக்கில் வழக்கு நடத்தித்தான் பெயரை மீட்டார். சொத்து இல்லைன்னா திருட்டும் இல்லைன்னு ஆயிடுமே! அதனால்தான் அந்தத் தீர்ப்பு முக்கியம்.

பஸ்ஸில் துண்டு

சட்டத்தை விடுங்க. நமக்குத் தெரிந்த சட்டம் ஒன்று இருக்கு. தீபாவளிக்கு முந்தின நாள் பேருந்து நிலையம். பஸ் நிற்கிறதுக்கு முன்னாடியே ஜன்னல் வழியா துண்டு, கர்சீஃப், சில நேரம் குழந்தையே கூட உள்ளே போகும். ஏறி வந்தவர் "ஆள் வராங்க" என்றால் நாம் முணுமுணுத்துக்கிட்டே நகர்ந்துடுவோம். முதலில் போட்டவருக்கே சீட். எழுதாத விதி அது.

டொமைன் உலகமும் அதே விதியில்தான் ஓடுகிறது. முதல் டாட் காம் பெயர் 1985 மார்ச்சில் பதிவானது. அதன் பிறகு 10 ஆண்டு, பதிவுக்குக் கட்டணமே கிடையாது. 1995-ல்தான் ரெண்டு வருஷத்துக்கு 100 டாலர் என்று வசூலிக்க ஆரம்பித்தார்கள். நீ யார், ஏன் எடுக்கிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். இந்த எளிமை நல்லது. ஒவ்வொரு பெயருக்கும் தாலுகா ஆபீஸ் மாதிரி சான்றிதழ் கேட்டிருந்தால் இணையம் இந்த வேகத்தில் வளர்ந்திருக்காது. நீங்களும் நானும் இன்றைக்கு ராத்திரி ஒரு பெயரைப் பதிவு செய்து காலையில் ஒரு தளத்தை ஏற்ற முடிகிறது என்றால் அந்த விதியால்தான்.

ஆனால் அதே பஸ்ஸில் ஒருத்தர் ஆறு சீட்டில் ஆறு துண்டு போட்டு, ஏறி வருகிறவர்கள்கிட்ட "சீட்டுக்கு நூறு ரூபாய்" என்றால் என்ன செய்வோம்? கண்டக்டரைக் கூப்பிடுவோம். துண்டு அதே துண்டுதான். போட்ட காரணம் வேறு.

1995-ல் அமெரிக்காவில் டென்னிஸ் டோப்பன் என்பவர் இதைத்தான் செய்தார். பெரிய நிறுவனங்களின் பெயர்களில் நூறுக்கும் மேற்பட்ட டொமைன்களை எடுத்து வைத்தார். அதில் ஒன்று, சினிமா கேமரா தயாரிக்கும் பானாவிஷன் நிறுவனத்தின் பெயர். அந்தத் தளத்தில் அவர் போட்டிருந்தது என்ன தெரியுமா? இல்லினாய்ஸில் பானா என்ற சின்ன ஊர் இருக்கிறது, அதன் ஏரியல் போட்டோக்கள்! "பானா ஊரின் விஷன்" என்று சமாளிக்கலாமாம். கேட்ட விலை 13,000 டாலர். கம்பெனி மறுத்ததும் அவர்களுடைய இன்னொரு தயாரிப்பான பானாஃப்ளெக்ஸ் பெயரையும் எடுத்து, அந்தத் தளத்தில் "ஹலோ" என்று ஒரே ஒரு வார்த்தை போட்டார். 1998-ல் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

அடுத்த ஆண்டே ரெண்டு விதிகள் வந்தன. ஒன்று, அமெரிக்காவின் சைபர் ஸ்குவாட்டிங் தடுப்புச் சட்டம். ஒரு பெயருக்கு 1,000 முதல் 1,00,000 டாலர் வரை இழப்பீடு விதிக்கலாம். இன்னொன்று ஐகான் கொண்டு வந்த யூ.டி.ஆர்.பி. என்ற நடுவர் முறை. புகார் கொடுப்பவர் மூன்று விஷயங்களை நிரூபிக்க வேண்டும். பெயர் என் டிரேட்மார்க்கைக் குழப்பும் அளவுக்கு ஒத்திருக்கு. எதிராளிக்கு அந்தப் பெயரில் நியாயமான உரிமை இல்லை. அவர் கெட்ட நோக்கத்தோடு பதிவும் செய்தார், பயன்படுத்தவும் செய்கிறார். மூன்றில் ஒன்று குறைந்தாலும் புகார் தள்ளுபடி.

நம்ம டாட் இன் பெயர்களுக்கு 2005-லிருந்து தனி நடுவர் முறை இருக்கு. அதில் ஒரே ஒரு சொல் வித்தியாசம். பதிவு "அல்லது" பயன்பாடு, ஏதாவது ஒன்றில் கெட்ட நோக்கம் இருந்தாலே போதும். லாஜிக் கேட் படித்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், அங்கே ஆண்ட் கேட், இங்கே ஆர் கேட். எது யாருக்குச் சாதகம்னு நீங்களே பார்த்துக்கோங்க.

சென்னைக்காரங்க நடத்திய வழக்கு

இந்தியாவில் சைபர் ஸ்குவாட்டிங்குக்கென்று தனிச் சட்டம் கிடையாது. நீதிமன்றங்கள்தான் வழி காட்டின. 1999-ல் யாஹூஇந்தியா டாட் காம் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் தடை விதித்தது. யாஹூ என்பது அகராதியில் இருக்கிற சொல், தளத்தில் பொறுப்புத் துறப்பும் போட்டிருக்கோம் என்ற வாதம் எடுபடவில்லை.

அதைவிட முக்கியமானது 2004-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. வழக்குப் போட்டது சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே, நாம் சிஃபி என்று அறிந்த நிறுவனம். தெருவுக்கு ரெண்டு பிரவுசிங் சென்டர் இருந்த காலத்தில் அந்த போர்டு பார்க்காத ஊர் குறைவு என்று எங்க அண்ணன் சொல்வார். சத்யத்தின் முதல் எழுத்தையும் இன்ஃபோவேயையும் சுருக்கி உண்டாக்கிய பெயர் அது. இன்னொரு கம்பெனி சிஃபிநெட் என்று ஒலிக்கும் பெயர்களை ஒரு எழுத்து கூட்டிப் பதிவு செய்திருந்தது. ஏன் இந்தப் பெயர் என்று கேட்டபோது, "எங்க ஐந்து பங்குதாரர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்தோம்" என்றார்கள். கேட்க நல்லாத்தான் இருந்தது. ஆனால் பெயரை முதலில் எடுத்துவிட்டுக் காரணத்தைப் பிறகு ஜோடித்திருக்கிறார்கள் என்ற முடிவுக்கு நீதிமன்றம் வந்தது. டொமைன் பெயர் வெறும் முகவரி மட்டும் இல்லை, ஒரு வியாபாரத்தின் அடையாளமும்கூட. எனவே டிரேட்மார்க்குக்கு உள்ள பாதுகாப்பு இதற்கும் பொருந்தும் என்று அந்தத் தீர்ப்பு உறுதி செய்தது.

இங்கே நீதிமன்றம் என்ன செய்தது என்று பாருங்க. முதலில் எடுத்த தேதியோடு நிறுத்தாமல், மனசில் யார் பெயரை வைத்துக்கொண்டு எடுத்தீர்கள் என்றும் கேட்டது.

அந்த அளவுகோலில் ஜியோஹாட்ஸ்டார் விஷயத்தை வைத்துப் பாருங்க. 2023-ல் அப்படி ஒரு நிறுவனம் இல்லைதான். ஆனால் ஜியோவும் இருந்தது, ஹாட்ஸ்டாரும் இருந்தது. இணைப்புச் செய்தியைப் பார்த்து முன்கூட்டியே பெயரை எடுத்து வைப்பதும் கெட்ட நோக்கமாகலாம் என்பது நடுவர்கள் ஏற்றுக்கொண்ட கருத்து. அந்த டெவலப்பர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கேம்பிரிட்ஜ் கனவு தப்பும் இல்லை. ஆனால் அந்தப் பெயரின் மதிப்பில் ஒரு ரூபாய்கூட அவர் உண்டாக்கியது இல்லை. அதை அவரே கடிதத்தில் மறைக்கவும் இல்லை. அதனால் மெஸ் விவாதத்தில் என் ஓட்டு அவருக்கு எதிராக.

ஒரு எதிர் உதாரணமும் இருக்கு. 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் பாஸ்போர்ட் டாட் காம் பெயரைப் புதுப்பிக்க மறந்துவிட்டது. ஹாட்மெயிலில் பலரால் உள்ளே நுழையவே முடியவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்த ஒரு லினக்ஸ் புரோகிராமர், தன் கார்டிலிருந்து 35 டாலர் கட்டி அவர்களுக்காகவே புதுப்பித்துவிட்டார். லினக்ஸ்காரர் மைக்ரோசாஃப்டுக்கு! வாய்ப்பு அதே மாதிரி வாய்ப்புதான். இவர் வேறு மாதிரி நடந்துகொண்டார்.

இப்போ துண்டைத் திருப்பிப் போடுங்க

இதோடு நிறுத்தினால் கம்பெனிகளுக்கு ஜால்ரா அடித்த கட்டுரை ஆகிவிடும். கதையின் மறுபக்கம் ரொம்பவே கசப்பானது.

ஊஸி நிசான் என்பவர் அமெரிக்காவின் வட கரோலினாவில் கம்ப்யூட்டர் வியாபாரம் செய்தவர். நிசான் அவர் குடும்பப் பெயர். 1980-லிருந்தே அந்தப் பெயரில் தொழில் செய்தார். கார் கம்பெனி அப்போது அமெரிக்காவில் டாட்சன் என்ற பெயரில்தான் கார் விற்றுக்கொண்டிருந்தது. 1994-ல் அவர் நிசான் டாட் காம் எடுத்தார். 1999 டிசம்பரில் நிசான் மோட்டார் ஒரு கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. தளத்தில் கொஞ்ச காலம் கார் சம்பந்தமான விளம்பரங்கள் வந்தன, அது தவறு என்று நீதிமன்றம் சொன்னது, சரிதான். ஆனால் பெயர் கடைசிவரை அவரிடமே இருந்தது. 2020-ல் அவர் இறக்கும்போதும் அவருடையதுதான். ஜெயித்தாரா என்றால் ஜெயித்தார். அதற்காக வக்கீல்களுக்குக் கொட்டிய பணமும் வருஷங்களும்? அது திரும்பி வரவில்லை.

நிறுவனம் மட்டுமில்லை, நாடே வந்து கேட்ட கதையும் உண்டு. பிரான்ஸில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஒருவர் 1994-ல் பிரான்ஸ் டாட் காம் பதிவு செய்து, இருபது ஆண்டுக்கும் மேல் சுற்றுலாத் தளமாக நடத்தினார். 2018-ல் அந்தப் பெயர் பிரான்ஸ் அரசின் கைக்குப் போய்விட்டது. அமெரிக்க நீதிமன்றத்தில் முறையிட்டார். வேற்று நாட்டு அரசை இங்கே வழக்குக்கு இழுக்க முடியாது என்று 2021-ல் சொல்லிவிட்டார்கள்.

சாதாரணச் சொற்களுக்கும் இதே சண்டை. 2000-ல் பாடகி மடோனா தன் பெயரிலிருந்த டொமைனை மீட்டார். அதே ஆண்டு பாடகர் ஸ்டிங் தோற்றார், ஏனென்றால் அது ஆங்கிலத்தில் எல்லோருக்கும் பொதுவான சொல். நியாயம்தானே? நாளைக்கு ஒரு கம்பெனி "தென்றல்" என்று பிராண்ட் வைத்தால், தென்றல் என்ற பெயரில் கவிதைத் தளம் நடத்துகிறவர் வீட்டைக் காலி பண்ண வேண்டுமா என்ன?

விஷயம் இங்கேதான் இருக்கு. நியாயமான உரிமையாளரை மிரட்டிப் பெயரைப் பிடுங்கப் பார்க்கும் வேலைக்கு "தலைகீழ் டொமைன் கடத்தல்" என்றே ஒரு பெயர் உண்டு. யூ.டி.ஆர்.பி. நடுவர் அதைக் கண்டுபிடித்தால் என்ன தண்டனை? தீர்ப்பில் ஒரு வரி எழுதுவார், அவ்வளவுதான். ஒரு டாலர்கூட அபராதம் இல்லை. ஸ்குவாட்டர் தோற்றால் பெயர் போகும். கம்பெனி தோற்றால் கட்டணம் மட்டும் போகும். வைப்போ என்ற உலக அறிவுசார் சொத்து அமைப்பில் ஒரு நடுவர் விசாரிக்கும் புகாருக்குக் கட்டணம் 1,500 டாலர். நம்ம கணக்கில் லட்சம் ரூபாய்க்கு மேல. பன்னாட்டு நிறுவனத்துக்கு அது டீ செலவு. கும்பகோணத்தில் பாத்திரக் கடை வைத்திருப்பவரின் பெயரை எவனோ எடுத்து மோசடித் தளம் நடத்தினால், அவரால் அந்தக் கட்டணத்தைக் கட்ட முடியுமா?

ஆக ரெண்டு பக்கமும் சின்னவருக்கே அடி. பெயரைக் காப்பாற்றிக்கொள்ளவும் காசில்லை, பறிகொடுத்தால் மீட்கவும் காசில்லை. அதனால் நான் கேட்பது ரெண்டு. பொய்ப் புகார் கொடுத்து மிரட்டும் நிறுவனம், எதிராளியின் செலவை ஈடுகட்ட வேண்டும். சின்ன வியாபாரிகளும் தனிநபர்களும் புகார் கொடுக்கக் குறைந்த கட்டணத்தில் ஒரு வழி வேண்டும். ஒரு பெயர் எத்தனை மொழியில் எத்தனை விதமாக இருந்தாலும், "எதற்காக எடுத்தாய்?", "எதற்காகக் கேட்கிறாய்?" என்ற ரெண்டு கேள்வியும் சம எடையோடு கேட்கப்பட வேண்டும்.

தமிழ்ப் பெயர் வைக்கிறவங்க கவனிக்க

நம்ம மொழிக்குத் தனித் தலைவலி ஒன்று உண்டு. இட்லியை ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசி எழுத்து ஐ-யா, ஒய்-யா? ழகரத்துக்கு இசட் எச்-சா, எல்-லா? நெடிலுக்கு ரெண்டு ஏ-வா, ஒரே ஏ-வா? ஒரு தமிழ்ப் பெயரை நாலு பேர் நாலு விதமாகத் தட்டுவார்கள். எழுத்துப் பிழையை நம்பித் துண்டு போடுகிறவனுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

தமிழ் எழுத்திலேயே டொமைன் வைக்கலாம் என்றால், அதுவும் முடியும். டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் மூன்றும் தமிழ் எழுத்திலேயே இருக்கு. ஆனால் ஔ என்ற ஒற்றை எழுத்தும், ஒ-வையும் ள-வையும் பக்கத்தில் பக்கத்தில் போட்ட ஒள-வும் நம் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கு வேறு வேறு யூனிகோட் எண்கள். க என்ற எழுத்துக்கும் தமிழ் எண் ௧-க்கும், உ-வுக்கும் ௨-க்கும் அதே கதை. இந்தக் குழப்பத்தைத் தடுக்கும் வேலை வக்கீல்களைவிட நம்மை மாதிரி கோடு எழுதுகிறவர்களுக்கு உரியது. பைனல் இயர் ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடிக்கிட்டிருக்கிற சீனியர்களே, ஒரே மாதிரி தெரியும் தமிழ் டொமைன்களைக் கண்டுபிடிக்கும் ஒரு டூல் செய்யலாமே?

நம்ம பங்கு

கடைசியா, நம்ம கேம்பஸ் விஷயம். எந்தக் கல்லூரியை எடுத்தாலும் சிம்போசியம் தளத்தின் டொமைன் ஏதோ ஒரு சீனியரின் சொந்த ஜிமெயிலில், அவருடைய அப்பா கார்டில் வாங்கியதாக இருக்கும். சீனியர் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடுவார். அடுத்த வருஷம் புதுப்பிக்கச் சொல்லி வரும் மெயிலை யாரும் பார்க்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் பழைய சிம்போசியம் போஸ்டரில் இருக்கும் முகவரியைத் தட்டினால் இப்போது ரம்மி விளம்பரம் வருகிறது. கல்லூரித் தளத்திலிருந்து பழைய லிங்க்குகள் அந்தப் பெயருக்குப் போவதால் தேடல் முடிவுகளில் அதற்கு மதிப்பு. அதனால்தான் சூதாட்டக்காரர்கள் இப்படிப்பட்ட பெயர்களைத் தேடிப் பிடிக்கிறார்கள்.

டாட் காம் பெயர் காலாவதியான அன்றைக்கே போய்விடாது. ரிஜிஸ்ட்ராரைப் பொறுத்து 45 நாள் வரை சலுகை இருக்கலாம். அதன் பிறகு 30 நாள் மீட்புக் காலம், கட்டணம் பல மடங்கு. பிறகு 5 நாளில் பெயர் பொதுச் சந்தைக்கு வந்துவிடும். சில ரிஜிஸ்ட்ரார்கள் அதற்கு முன்பே ஏலத்தில் விட்டுவிடுவதும் உண்டு. நீங்க முழிச்சுப் பார்க்கும்போது எந்தச் சட்டமும் உதவாது, ஏன்னா உங்க சிம்போசியத்துக்கு டிரேட்மார்க் கிடையாது.

அதனால் இந்த செமஸ்டர் முடியறதுக்குள்ள உங்க கிளப் செயலாளர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க. டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கு? எந்த மெயிலுக்கு அறிவிப்பு வருது? எந்தத் தேதியில் காலாவதி ஆகுது? பதிவைத் துறையின் பொது மெயிலுக்கு மாற்றுங்க, ஆட்டோ ரினியூவலைப் போடுங்க, பொறுப்பு ஒப்படைக்கும்போது பாஸ்வேர்டோடு சேர்த்து இதையும் எழுதிக் கொடுங்க. ஸ்டார்ட்அப் ஆரம்பிக்கப் போறவங்க, பெயரை இன்ஸ்டாகிராமில் அறிவிக்கிறதுக்கு முன்னாடியே பதிவு பண்ணிடுங்க. உங்க பெயருக்கு நீங்களே துண்டு போடுறதில் எந்தத் தப்பும் இல்லை.

மெஸ்ஸில் என்னோடு சண்டை போட்ட அந்தக் கோஷ்டிக்கு: மறுப்புக் கட்டுரை எழுதுங்க, அடுத்த இதழில் இடம் இருக்குன்னு ஆசிரியர் குழு சொல்லியாச்சு.